எதிர்வாடையில் நின்ற அப்பா

அப்பா இறைவனில் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர், அப்பாவின் கடையில் ஒரு முறையாவது வாடகைக்கு வண்டி எடுத்திருப்பீர்கள். மற்றவர்கள் அந்தக் கடை வாசலில் நின்று அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்திருப்பீர்கள். இரண்டும் செய்யாதவர்கள் நம் சொந்தத்தில் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நான் எழுத உட்கார்ந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து ஒரு சேதி சொன்னார்கள். “நல்லதா நாலு வார்த்த எழுது பாப்பா. அந்த நோயப் பத்தி எல்லாம் எழுதாத. நாலு பேரு படிக்கிறது.” நாலு பேர் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன் என்று சொன்னேன். தாளிக்கும் சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. ஆகவே இதைப் படித்து முகம் சுளிக்க நினைப்பவர்கள் என்னிடம் சுளிக்கலாம், அம்மாவிடம் வேண்டாம்.

அப்பா பிறந்தது தவளக்குப்பத்துக்கு உள்ளடங்கிய ஒரு கிராமத்தில். தாத்தாவுக்குச் சொந்த நிலம் கிடையாது, அடுத்தவர் வயலில் கூலி வேலை. ஆண்பிள்ளைகள் இருவர், கடைசியாக ஒரு பெண். பெரியப்பா மூத்தவர், அடுத்தது அப்பா, பிறகு அத்தை. பிள்ளைகள் மூவரும் பங்கு சாமியார் நடத்திய பள்ளியில் படித்தார்கள். அப்பாவுக்குப் படிப்பு ஏறியது, ஆனால் வீட்டுக்கு அது கட்டுப்படியாகவில்லை. மீசை அரும்புவதற்கு முன்பே புதுச்சேரிக்கு வந்து மில்லில் சேர்ந்துவிட்டார். அண்ணன் தம்பி இருவரும் முத்தியால்பேட்டையில் ஒரே அறையில் தங்கி, ஆளுக்கொரு ஷிப்ட் வேலை பார்த்து, ஒரே பாயில் மாறி மாறிப் படுத்தார்கள் என்று பெரியப்பா இன்றைக்கும் சொல்வார்.

பிறகு பெரியப்பாவுக்கு நல்ல இடத்தில் பெண் அமைந்தது. பெண்ணின் தகப்பனார் பிரெஞ்சு ராணுவத்தில் பென்சன் வாங்கிய சொல்தா, அதாவது சிப்பாய். பெரியம்மாவுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் பெரியப்பாவும் கலியாணம் முடிந்து பிரான்சுக்குப் போய்விட்டார். அன்று முதல் எங்கள் வீட்டில் சட்டம் பாரீசிலிருந்துதான் வரும். அப்பா, எந்தப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்ப்பது, வீட்டுக்கு என்ன வர்ணம் அடிப்பது, சர்க்கரைக்கு எந்த மாத்திரை நல்லது, எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து போனில் அண்ணனிடம் கேட்பார். அண்ணன் சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது. அம்மா சில நேரம், “ஒங்க அண்ணன கேட்டுட்டுதான் தும்மணுமா?” என்று கேட்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே அடுத்த வாரமும் போன் போடுவார்.

மில் மூடிய பிறகு அப்பா சும்மா இருக்கவில்லை. கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன இடத்தைப் பிடித்து, சுற்றுலா வருகிறவர்களுக்குச் சைக்கிளும் ஸ்கூட்டரும் வாடகைக்கு விட ஆரம்பித்தார். அந்தக் கடைதான் எங்களை ஆளாக்கியது. அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு அவசரமாக வாடிக்கையாளர் நின்றாலும், வண்டியை அப்பா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் தரமாட்டார். பிரேக்கில் அவருக்குச் சந்தேகம் என்றால் அன்றைக்கு அந்த வண்டி வெளியே போகாது. “போன வண்டி திரும்பி வந்தா போதாது, போன ஆளும் திரும்பி வரணும்” என்பார். அவருடைய இந்த ஜாக்கிரதை பல பேருடைய கை காலைக் காப்பாற்றியிருக்கும். என் விஷயத்தில் அதே ஜாக்கிரதை எங்களைப் படுத்திய பாட்டைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

எனக்குக் கலியாணமாகி விழுப்புரத்துக்குப் போய், முதல் பிள்ளைக்கு நான் உண்டாகியிருந்த சமயம். அப்பாவுக்கு அடிக்கடி சிறுநீர் வந்தது. வரும், ஆனால் சரியாக இறங்காது. சர்க்கரைதான் காரணம் என்று அவரே முடிவு செய்துகொண்டு காப்பியில் சீனியைக் குறைத்தார். வேளாங்கண்ணிக்கு வருடாவருடம் பஸ்ஸில் போகிறவர், அந்த வருடம் கடையில் வேலை என்று சொல்லி நின்றுவிட்டார். வழியில் எங்கெங்கே இறங்க வேண்டியிருக்குமோ என்ற கூச்சம்தான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. சிறுநீரில் ரத்தம் கண்ட அன்றுதான் அம்மாவிடம் சொன்னார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சதை எடுத்துப் பரிசோதனை எல்லாம் முடிந்து, ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி அது. வெளியே பரவவில்லை, குணப்படுத்தலாம் என்றும் சொன்னார்கள்.

வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் சிகிச்சையை இங்கேயே முடித்துக்கொண்டு, உள்ளே கதிர் வைக்கும் சிகிச்சைக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். கூடப் போனவர் என் கணவர். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, சுரப்பிக்குள் மெல்லிய குழாய் ஊசிகளைச் செருகி, அவற்றை ஒரு பெட்டியோடு இணைத்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து கதிர்வீச்சுள்ள ஒரு கம்பி நுனி ஒவ்வொரு ஊசிக்குள்ளும் போய்ச் சிறிது நேரம் நின்று, மறுபடி பெட்டிக்கே திரும்பிவிடும். பிறகு ஊசிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். சிறுநீர்க் குழாயை மறுநாள் கழற்றினார்கள். கொஞ்ச நாள் எரிச்சல் இருந்தது. இவ்வளவுதான் நடந்தது. இதை இத்தனை தெளிவாக என்னால் இப்போது எழுத முடிகிறது. அப்போது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது இப்படித் தெரியாது.

கிளம்பும்போது அப்பா மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். “பொண்ணு பிரசவத்துக்கு வூட்டுக்கு வருது சார். பேரப்புள்ளைய தூக்கலாமா?”

“தாராளமா தூக்குங்க” என்று சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா அண்ணனுக்குப் போன் போட்டார். பெரியப்பாவுக்கும் சில வருடங்களுக்கு முன் இதே நோய் வந்து, பிரான்சில் உள்கதிர் சிகிச்சை செய்திருந்தார்கள். அதை அவர் குரிதெராப்பி என்பார். அவர் சொன்னார்: “நானும் அதேதான்டா செஞ்சிக்கிட்டேன். கதிர் உள்ளதான் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் அடங்கும். மாசமா இருக்கிற பொண்ணு பக்கத்துல ஒக்காராத. கொழந்தைய மடியில வைக்காத. எனக்கு டாக்டரு எழுதியே குடுத்தாரு.”

அப்பாவுக்கு இது போதும். அண்ணன் சில மாதம் தள்ளியிரு என்றால், தம்பி அதை ஒரு வருடம் என்று எடுத்துக்கொண்டார். பிரேக்கில் சந்தேகம் வந்துவிட்ட வண்டியாகத் தன்னையே நினைத்துவிட்டார் போலிருக்கிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து நான் பிறந்த வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று, அப்பா ஒரு பையில் நாலு சட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குக் குடிபோயிருந்தார்.

என் கணவர் வாதாடிப் பார்த்தார். “மாமா, ஊசி எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. நான் பாத்தேன்.”

“ஊசிய எடுத்தா என்னா மாப்ள? காய்ச்சலுக்கு ஊசி போட்டாலும்தான் எடுத்துடுறாங்க. மருந்து உள்ளதான இருக்குது?”

மருத்துவமனைக்குப் போன் செய்து நர்ஸிடம் கேட்டுச் சொன்னோம். பயமே வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னதை அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “அவங்க ஆயிரம் பேர பாக்குறவங்க. அண்ணன் என் கூடப் பொறந்தவரு” என்றார். அம்மாவும் இந்த ஒரு விஷயத்தில் பாரீஸ் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது யார் பரீட்சை செய்து பார்ப்பது?

இப்படித்தான் அப்பாவும் நானும் ஒரே ஊரில் இருந்துகொண்டு போனில் குடும்பம் நடத்தினோம். தினமும் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அப்பா வருவார். வீட்டுக்குள் வரமாட்டார். எங்கள் வீட்டுக்கு எதிர்வாடையில், இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நிற்பார். அம்மா தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நான் ஜன்னலில் நிற்பேன். தெருவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், இரண்டு பேர் காதிலும் போன்.

“அல்லோ, பாப்பா. கீர சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்ப்பா. அது உங்க தட்டுலயே இருக்குதே, பாக்கலியா?”

“கால் வீங்கியிருக்குதா? கொஞ்சம் காட்டு.”

நான் காலைத் தூக்கி ஜன்னல் கம்பியருகே காட்ட வேண்டும். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பார். பேசிக்கொண்டே இருக்கும்போது ஒரு பஸ்ஸோ லாரியோ குறுக்கே போனால் பேச்சை நிறுத்திக்கொள்வார், போனதும் தொடர்வார். ஏன் என்று கேட்டால், “ஒன் மூஞ்சிய பாத்துப் பேசினாத்தான் பேசின மாதிரி இருக்குது” என்பார். எனக்கு அழுகை வந்துவிடும். தெருவில் இருந்தவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். இஸ்திரி போடும் அம்மா ஒரு நாள் என் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, “அப்பனுக்கும் பொண்ணுக்கும் என்னா சண்ட? புள்ளத்தாச்சிகிட்ட இப்டியா மூஞ்சிய காட்டுறது?” என்று நியாயம் கேட்டாராம். அம்மா என்ன சொல்வார்கள்? எந்த இடத்தில் வைத்தியம், என்ன வைத்தியம் என்று தெருவில் நின்று விளக்க முடியுமா? “அவருக்குக் கொஞ்சம் ஒடம்பு சரியில்ல” என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

வலி கண்ட அன்று நானும் அம்மாவும் ஆட்டோவில் போனோம். அப்பா ஸ்கூட்டரில் முன்னால் போய், ஹார்ன் அடித்து அடித்து வழி எடுத்துக் கொடுத்தார். மகன் பிறந்தான். ஜெரோம் என்று பெயர் வைப்பதாக முடிவு. குழந்தையை அம்மா தூக்கிக்கொண்டு வராண்டாவுக்குப் போய்க் காட்டியபோது, அப்பா அந்தக் கோடியில் நின்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாராம். அம்மா இதை என்னிடம் அன்றைக்குச் சொல்லவில்லை.

நான் விழுப்புரத்துக்குத் திரும்பவில்லை. அப்பாவின் பக்கத்திலேயே இருந்து பிள்ளையை வளர்க்க நினைத்து, என் கணவர் இங்கேயே வேலை தேடிக்கொண்டார். ஆனால் பிள்ளை குப்புற விழுந்ததும், தவழ்ந்ததும், முதல் பல் முளைத்ததும் அப்பாவுக்கு எதிர்வாடைச் செய்திகள்தான். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜெரோமின் முன்னால் வைப்பேன். அப்பா தெருவிலிருந்து, “அல்லோ, தொர. சாப்ட்டீங்களா?” என்று கேட்பார். குழந்தை போனைப் பிடித்துக் கடிப்பான்.

டிசம்பரில் பெரியப்பா வந்தார். அவர்தான் ஞானத்தந்தை என்பதால், அவர் வருகைக்காகவே ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போட்டிருந்தோம். வந்த அன்று மாலை, அப்பாவின் கடையில் அண்ணனும் தம்பியும் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் காப்பி கொண்டுபோய், வழக்கம் போல வாசலுக்கு வெளியே நின்றேன். அதனால் அவர்கள் பேசியதை நான் என் காதாலேயே கேட்டேன்.

“ஒனக்கு எத்தன மணிடா வச்சாங்க?” என்று கேட்டார் பெரியப்பா, குரலைத் தாழ்த்தி.

“மணியா? என்னா மணி?”

“அதான்டா. அரிசி மாதிரி இருக்குமே. ஊசி வழியா உள்ள தள்ளி விட்டுடுவாங்களே.”

“எனக்கு அப்டி ஒண்ணும் தள்ளலியேண்ணே. ஒரு பொட்டி வந்துச்சு. ஊசில எல்லாம் கொழா மாட்டுனாங்க. கம்பி போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. அப்புறம் எல்லாத்தையும் உருவிட்டாங்க.”

“பொட்டியா? எனக்குப் பொட்டியே இல்லியேடா.”

“அப்போ ஒங்களுக்கு?”

“எனக்கு அந்த மணி இன்னும் உள்ளயே இருக்குது.”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, காப்பி டம்ளரைப் பார்த்தார்கள். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போனில் பேசியிருக்கிறார்கள். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். உனக்கு அங்கே என்ன செய்தார்கள் என்று ஒருவரை ஒருவர் ஒரு தடவை கேட்டதில்லை. ‘அந்த எடம்’, ‘அந்த வைத்தியம்’, ‘எனக்குச் செஞ்சதுதான் ஒனக்கும்’ என்பதோடு பேச்சை முடித்துவிட்டார்கள். கூச்சம். வேறொன்றும் இல்லை.

அடுத்த வாரமே அப்பாவுக்குச் சென்னையில் பரிசோதனை இருந்தது. இம்முறை கார் வைத்து, பெரியப்பா உட்பட எல்லோரும் போனோம். அப்பா முன் சீட்டில், நானும் ஜெரோமும் அம்மாவோடு கடைசி சீட்டில். மருத்துவர் இரண்டு பேருடைய கதையையும் கேட்டுவிட்டு விளக்கினார். பெரியப்பாவுக்குச் செய்தது ஒரு வகை. கதிர் உள்ள மணிகளை உள்ளேயே விட்டுவிடுவார்கள், கதிர் மெல்ல மெல்ல அடங்கும், அதுவரை கர்ப்பிணிகளிடமும் குழந்தைகளிடமும் கவனமாக இருக்கச் சொல்வது சரிதான். அப்பாவுக்குச் செய்தது வேறு வகை. கதிர் அன்றைக்கே பெட்டிக்குத் திரும்பிவிட்டது, உடம்பில் எதுவும் தங்கவில்லை. “நான் அன்னைக்கே சொன்னேனே ஐயா?”

“சொன்னீங்க சார்” என்றார் அப்பா. “ஆறுதலுக்குச் சொல்றீங்கன்னு நெனச்சிட்டேன்.”

வெளியே வந்ததும் அப்பா குழாயடிக்குப் போய் முழங்கை வரை கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து, “குடு” என்றார்.

கொடுத்தேன். ஜெரோம் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதான். முகம் தெரிய ஆரம்பித்து, புது ஆளைக் கண்டால் பயப்படும் வயது. அப்பா தட்டிக் கொடுத்துப் பார்த்தார், தோளில் சாய்த்துப் பார்த்தார். பிள்ளை என் பக்கம் கையை நீட்டிக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதான். அப்பா என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். பெரியப்பா காரில் கண்ணாடி பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். கார் காலாப்பட்டைத் தாண்டும்போது ஜெரோம் என் மடியில் தூங்கியிருந்தான்.

“அவன் மேல என்னா தப்பு?” என்றார் அப்பா, யாரிடம் என்றில்லாமல். “பொறந்ததுலேர்ந்து என்னைய ரோட்டுக்கு அந்தாண்டதான பாத்திருக்கான். பழகட்டும்.”

பழக்கியது அம்மாவின் யோசனை. மறுநாள் அப்பா எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார், பையோடு. ஜெரோம் என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். “போன எடுங்க” என்றார்கள் அம்மா. அப்பா புரியாமல் போனைக் காதில் வைத்து, “அல்லோ, தொர. சாப்ட்டீங்களா?” என்றார். குழந்தை முந்தானையிலிருந்து தலையை எடுத்தான். போனைத் தேடினான். குரல் அந்த ஆளிடமிருந்து வருகிறது என்று அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தவழ்ந்து போய், அப்பாவின் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவருடைய போனைப் பிடுங்கிக் கடித்தான். அப்பா அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு இருவரையும் பிரிக்க முடியவில்லை. கடைக்குப் போகும்போது ஸ்கூட்டரில் முன்னால் நிற்பவன் ஜெரோம். அப்பாவோடு சேர்ந்து அவனும் ஒவ்வொரு வண்டியின் பிரேக்கையும் அழுத்திப் பார்ப்பான். நோய் அதன் பிறகு அப்பா பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பரிசோதனையிலும் நல்ல முடிவுதான் வந்தது. அப்பாவின் உயிரைக் கொண்டுபோனது மாரடைப்பு. கடையைப் பூட்டிவிட்டு வந்து, தண்ணீர் கேட்டு, குடிப்பதற்குள் சாய்ந்துவிட்டார்.

அப்போது நான் இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன். நிறைமாதத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி. அப்பாவைக் கூடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். என்னை உள் அறையில் உட்கார வைத்து, அத்தை கதவருகே நின்றுகொண்டார்கள். “மாசமா இருக்கிறவ பொணத்து கிட்ட போவக்கூடாது. பாத்துடாதடி, கண்ண மூடிக்க. வயித்துப் புள்ளைக்கு ஆவாது.” சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். பூசைக்கு எடுத்துப்போகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் எனக்கு அப்பாவின் கால் மட்டும் தெரிந்தது.

அம்மா எழுந்து வந்தார்கள். அத்தையைப் பார்த்துச் சொன்னார்கள்: “இவ வயித்துல மொதப் புள்ள இருந்தப்ப, கிட்ட வந்தா ஆவாதுன்னு அவரு ரோட்டுலயே நின்னாரு. யாரோ சொன்னாங்கன்னு நின்னாரு. நானும் சேந்து நிக்க வச்சேன். அதுல ஒரு உண்மையும் இல்லன்னு பின்னால தெரிஞ்சுது. இன்னிக்கு எம்பொண்ண நான் ரூம்ல வைக்க மாட்டேன்.” பிறகு என்னிடம், “எழுந்திரு பாப்பா. ஒங்க அப்பாகிட்ட போ” என்றார்கள்.

போனேன். பெட்டியின் கண்ணாடியைத் திறக்கச் சொல்லி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி முடிக்கிறேன். சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், போனில் பொறுமையாகப் பதில் சொன்ன அந்த நர்ஸுக்கும். அப்பா கடையில் குடியிருந்த மாதங்களில் அவருக்குக் குளிக்க வெந்நீர் கொடுத்த பக்கத்துக் கடைக்காரருக்கும். எங்களுக்காக நியாயம் கேட்ட இஸ்திரிக்கார அம்மாவுக்கும். அடக்கத்துக்கு ஓடி வந்த பங்கு மக்களுக்கும். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் பெரியப்பாவிடம் அனுமதி கேட்டேன். “எல்லாத்தையும் எழுது. பேர் போட்டே எழுது” என்றார். பெயரை நான் போடவில்லை. நம் வீட்டு ஆண்கள் இதைப் படித்துவிட்டு, கூச்சப்படாமல் போய்ப் பரிசோதித்துக்கொண்டால் அவருக்கு அது போதும்.

எனக்குப் பெண் பிறந்தாள், சுகமாக இருக்கிறாள். அதைச் சொல்லவும் அத்தைக்கு நன்றி சொல்லவும் கடைசி வரிகளை வைத்திருந்தேன். நான் பெட்டியருகே போனபோது அத்தை என்னைத் தடுத்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பிறகு அவர்களே உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அப்பாவின் தலைமாட்டில் போட்டு, “நிக்காதடி, கால் வீங்கும். அண்ணன் பக்கத்துலயே ஒக்காரு” என்றார்கள். பெட்டியை மூடும் வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்புடன்,
மகள்